விபத்து இழப்பீட்டு வழக்கில் காப்பீடு பெற்ற வாகன உரிமையாளர்

மோட்டார் வாகன விபத்தில் காயமடைந்தவரோ, இறந்தவரின் குடும்பத்தினரோ மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 166ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கேட்டு மனுச் செய்யலாம். இம்மனுவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. பெரும்பாலும் வாகன உரிமையாளர் முதல் எதிர்மனுதாரராகவும், காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் எதிர்மனுதாரராகவும் சேர்க்கப்படுவர். வண்டியை ஓட்டியவர் வேலைக்கு அமர்த்தப்பட்ட ஓட்டுநராக இருந்தாலும், அவர் பணியின்போது செய்த கவனக்குறைவுக்கு உரிமையாளரும் பொறுப்பாவார்.

வழக்கு நடைபெறும் இடம்

விபத்து நடந்த பகுதி, மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் பகுதி, எதிர்மனுதாரர் வசிக்கும் பகுதி ஆகியவற்றுள் ஒன்றை மனுதாரர் தேர்ந்தெடுக்கலாம். எடுத்துக்காட்டாக, சிங்கப்பெருமாள் கோவிலைச் சேர்ந்த ஒருவரின் சரக்கு வேன், ஒரகடத்தில் விழுப்புரத்துத் தொழிலாளி ஒருவர்மீது மோதினால், வழக்கு விழுப்புரத்திலும் தொடரப்படலாம்.

அழைப்பாணை கிடைத்தபின்

"இன்சூரன்ஸ் இருக்கிறது, கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று எண்ணி அழைப்பாணையைப் புறக்கணிக்கும் உரிமையாளர் பலர். வராதவர் ஒருதலைப்பட்சமாக வைக்கப்பட்டு, வழக்கு அவர் இல்லாமலே நடக்கும். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் நிறுவனத்திற்காகவே வாதிடுகிறார். இழப்பீட்டுத் தொகையைக் குறைப்பதில் இருவரின் நலனும் ஒன்றே. பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்ற வாதம் எழும்போது இருவரும் எதிரெதிர்த் தரப்பினர் ஆகின்றனர்.

எனவே, அழைப்பாணையின் நகலை உடனே நிறுவனத்திற்கு எழுத்து மூலம் அனுப்புவதும், வழக்கறிஞர் மூலம் பதிலுரை தாக்கல் செய்வதும் நல்லது. பதிவுச் சான்று (ஆர்.சி.), விபத்து நாளில் நடப்பில் இருந்த பாலிசி, ஓட்டுநர் உரிமம், தேவைப்படும் வாகனங்களுக்குப் பெர்மிட், தகுதிச் சான்று (எஃப்.சி.) ஆகியவை முக்கிய ஆவணங்கள்.

செலுத்தி வசூலித்தல்

ஓட்டுநருக்குத் தகுந்த உரிமம் இல்லாமை, மது அருந்தி ஓட்டியது போன்ற காரணங்களைக் காட்டி நிறுவனம் பொறுப்பை மறுக்கலாம். 2004இல் நேஷனல் இன்சூரன்ஸ் வழக்கில், உரிமம் தொடர்பான மீறலை மெய்ப்பிக்கும் சுமை நிறுவனத்தையே சாரும் என்றும், மீறலில் உரிமையாளரின் கவனக்குறைவையும் நிறுவனம் நிறுவ வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. மீறல் மெய்ப்பிக்கப்பட்டாலும், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் நிறுவனம் செலுத்திவிட்டு, பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்குமாறு தீர்ப்பாயம் ஆணையிட முடியும். இத்தகைய ஆணை வந்தால், நிறுவனம் தனி வழக்குத் தொடராமல் நிறைவேற்று மனு மூலமே வசூலிக்கலாம். உரிமையாளரின் வீடும் நிலமும் ஆபத்துக்குள்ளாவது இந்தக் கட்டத்தில்தான். வேலைக்கு எடுக்கும்போது ஓட்டுநரின் உரிமத்தைப் பார்த்து நகல் வைத்திருந்தவர், தம் தரப்பைச் சாட்சியத்துடன் கூற முடியும்.

இலகுரக வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. சிறு சரக்கு வாகனங்கள் மிகுந்த ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியினர்க்கு இது பயனுள்ள தீர்ப்பாகும்.

விற்ற வாகனம்

வாகனத்தை விற்றும் ஆர்.சி.யில் பெயர் மாற்றாவிட்டால், பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியது. வாங்கியவர் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விபத்து நேர்ந்தால், சுமை முழுவதும் பழைய உரிமையாளர்மீது விழக்கூடும்.

குற்ற வழக்கும் மேல்முறையீடும்

ஓட்டியவர்மீது காவல்துறை தொடரும் குற்ற வழக்கு தனியானது. அதில் விதிக்கப்படும் அபராதத்தையோ தண்டனையையோ காப்பீடு ஏற்காது. தீர்ப்பாயத்தின் ஆணையை எதிர்த்து 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தொகை செலுத்த வேண்டியவர் மேல்முறையீடு செய்ய, ரூ. 25,000 அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இவற்றுள் குறைந்ததை முன்வைப்பாகக் கட்ட வேண்டும்.