நான்கரை மணிக்கு நிற்கும் அண்டம்

தினமும் மாலை 4.30 மணி. திருவண்ணாமலை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் கோப்புகள் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும். அதே நேரத்தில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் கொண்ட ஓர் அண்டம் சில நிமிடங்கள் நின்றுபோகிறது. அது ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் உருவாக்கிய, 2003 மே மாதம் வெளியான 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி விளையாட்டு. உலகப் பொது நேரம் 11 மணிக்கு அதன் சர்வரை நிறுத்திச் சரிபார்த்து மறுபடி திறக்கிறார்கள். அப்டேட் உள்ளே நுழைவதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

அடுத்த அப்டேட்டில் என்ன வரும்? புதுக் கப்பல், புதுக் கோள், புதுப் போர்க்களம். ஆனால் ஈவில் பெரும்பாலான கப்பல்களை விளையாடுபவர்களே கட்டுகிறார்கள். அதற்கான கனிமத்தையும் அவர்களே விண்கற்களிலிருந்து வெட்டியெடுக்கிறார்கள். ஒரு புதுக் கப்பல் வந்தால் கனிம விலை ஏறும், பழைய கப்பலின் மதிப்பு இறங்கும், கூட்டணிகள்கூட மாறும். ஆகவே பல அப்டேட்களை முதலில் 'சிங்குலாரிட்டி' என்ற சோதனை சர்வரில் விடுவார்கள். விருப்பமுள்ளவர்கள் அங்கே போய், சொந்தச் சொத்துக்கு எந்தச் சேதமும் இல்லாமல், எதிர்காலத்தை முன்கூட்டியே விளையாடிப் பார்க்கலாம்.

சோதனை முடிந்ததும் அப்டேட் நம் கணினிக்கு வர வேண்டும். முழு விளையாட்டையும் மறுபடி இறக்கினால் தினசரி 2 ஜிபி டேட்டா எந்த மூலைக்கு? அதனால் விளையாட்டைப் பல்லாயிரம் துண்டுகளாக வைத்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிட்ட ஓர் எண் உண்டு. அதுதான் அந்தத் துண்டின் கைரேகை. ஓர் எழுத்து மாறினாலும் ரேகை மாறிவிடும். ரேகை மாறிய துண்டுகள் மட்டுமே இறங்கும்.

கண்ணுக்குத் தெரியாத அப்டேட்கள் இன்னும் சுவாரசியமானவை. ஈவ் அண்டத்தின் இயற்பியல் நொடிக்கு ஒரு முறை துடிக்கிறது. அந்த ஒரு நொடிக்குள் எல்லாக் கப்பல்களின் இடத்தையும் வேகத்தையும் சர்வர் கணக்கிட்டாக வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் மோதினால் கணக்கு முடியாது, திரை உறைந்துபோகும். இதற்கு 2012இல் வந்த தீர்வு 'டைம் டைலேஷன்', அதாவது காலத் தளர்வு. பௌர்ணமி கிரிவலத்தில் கூட்டம் நெருக்கும்போது எல்லோரும் நடையைத் தளர்த்துவதுபோல, நெரிசலான மண்டலத்தில் காலமே மெதுவாக ஓடும். பத்தில் ஒரு பங்கு வேகம் வரை அது குறையலாம். 2014 ஜனவரியில் நடந்த ஒரு போரில் 7,548 பேர் சுமார் 21 மணி நேரம் மோதினார்கள். அதைச் சாத்தியமாக்கியது இந்தத் தளர்வுதான்.

இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் 2016இல் வெளியிட்ட 'நோ மேன்ஸ் ஸ்கை'யின் சிக்கல் வேறு. அதில் சுமார் 18-க்குப் பின் 18 பூஜ்யங்கள் போட்ட அளவுக்குக் கோள்கள் உண்டு. நொடிக்கு ஒரு கோளைப் பார்த்தாலும் முடிக்க 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். இவற்றை எந்த வட்டிலும் சேமிக்க முடியாது. ஒவ்வொரு கோளுக்கும் ஒரு விதை எண். நாம் நெருங்கும்போது ஒரு சூத்திரம் அந்த எண்ணிலிருந்து மலையையும் கடலையும் முளைக்கவைக்கிறது. விதை அதுவேதான் என்பதால் எத்தனை முறை போனாலும் அதே மலை! ஆனால் அப்டேட் அந்தச் சூத்திரத்தைத் தொட்டால் மலை நகரும், நீங்கள் கட்டிய வீடு மண்ணுக்குள் புதையலாம். 2025 ஜனவரி அப்டேட்டில் ராட்சத வாயுக் கோள்களைக் கொண்டுவந்தபோது, பழைய மண்டலங்களில் நுழைக்காமல், ஊதா நிற விண்மீன்கள் கொண்ட புது மண்டலங்களைத் திறந்து அவற்றை அங்கே வைத்தார்கள்.

சில அப்டேட்கள் நிஜ வானத்தையே உள்ளே கொண்டுவருகின்றன. 2017இல் ஈவில், பிரான்ஸ் தலைமையிலான கோரோ விண்வெளித் தொலைநோக்கி அளந்த விண்மீன் ஒளியின் வரைபடங்கள் சேர்க்கப்பட்டன. ஒளி சற்றே மங்கும் பள்ளத்தை விளையாடுபவர்கள் தேட வேண்டும். பள்ளம் இருந்தால் விண்மீனின் குறுக்கே ஒரு கோள் கடந்திருக்கலாம். திருவண்ணாமலைக்கு வடமேற்கே ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்நோக்கு நிலையத்துக்கு இந்த மாதிரிப் பள்ளம் பழக்கமானது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்கியபோது, அங்கிருந்த 102 செ.மீ. தொலைநோக்கியில் விண்மீனின் ஒளி சட்டென்று மங்கியது. வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதைப் பதிவு செய்தார்கள். முதலில் புதிய துணைக்கோள் என்று கருதப்பட்ட அது, யுரேனஸைச் சுற்றியுள்ள வளையத்தின் நிழல்!

அடுத்த அப்டேட் குறிப்பு வெளியாகும்போது புதுக் கப்பலின் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கீழே சிறிய எழுத்தில் இருக்கும் சர்வர் மாற்றங்களையும் படியுங்கள். அடுத்த பெரும்போர் உறையாமல் நடக்குமா, உங்கள் வீடு நின்ற இடத்திலேயே நிற்குமா என்பதை அந்த வரிகளே சொல்லும்.