பால்கோவா ஊரில் பாலை ஒதுக்கச் சொன்ன ஆண்டாள்... யூதர்களின் எலுல் மாதத்தோடு என்ன ஒற்றுமை?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றாலே பால்கோவாதான். 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஆனால் இதே ஊரில் அவதரித்த ஆண்டாள், திருப்பாவையின் 2-வது பாசுரத்திலேயே பாலையும் நெய்யையும் ஒதுக்கி வைக்கச் சொல்கிறார். கண்ணுக்கு மை கிடையாது, தலையில் பூ கிடையாது, விடியும் முன் குளியல். மார்கழி நோன்பின் விதிமுறைகள் இவை.

இதோடு நின்றிருந்தால் வெறும் விரதப் பட்டியல். அதே பாசுரம் இன்னும் மூன்று விஷயங்களைச் சேர்க்கிறது: செய்யக்கூடாததைச் செய்யாதே, கோள் சொல்லித் திரியாதே, முடிந்தவரை கொடு. நாக்கைக் கட்டுவதும் கையைத் திறப்பதும் நோன்பில் அடக்கம்.

பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, வேறு மொழியில், வேறு வேதத்தை வைத்திருக்கும் யூதர்களிடமும் இதே மாதிரி ஒரு மாதம் இருக்கு. பெயர் எலுல்.

எலுல் என்றால் என்ன?

யூத நாட்காட்டியில் 29 நாள் கொண்ட மாதம். பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். இது முடிந்ததும் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா, அதிலிருந்து 10-வது நாள் யோம் கிப்பூர். அன்று சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம்.

எலுலில் செய்ய வேண்டிய முக்கிய வேலைக்கு எபிரேய மொழியில் ஒரு பெயர் உண்டு. அதன் நேர்ப்பொருள் ‘ஆன்மாவின் கணக்கு’. ராஜபாளையம் மில்களில் மார்ச் கடைசியில் கணக்கு முடிப்பது போல, ஒரு வருஷம் எப்படி நடந்துகொண்டோம் என்று ஒவ்வொருவரும் கணக்குப் பார்க்கணும்.

இந்த மாதத்தில் சனிக்கிழமைகளையும் கடைசி நாளையும் தவிர, தினமும் காலையில் ஆட்டுக்கிடாக் கொம்பு ஊதுவார்கள். தூங்குகிறவர்களே விழித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள் என 12-ம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் விளக்கினார். திருப்பாவையிலும் 6 முதல் 15 வரை பத்து பாசுரங்கள் தோழிகளை எழுப்பும் பாட்டுகள்தான். அங்கே கொம்பு, இங்கே சங்கு.

கோள் சொல்வது அவ்வளவு பெரிய தப்பா?

ஆண்டாள் இதற்குப் பயன்படுத்தும் சொல் ‘தீக்குறளை’. ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றித் தீங்காகப் பேசுவது. யூத மரபில் இதன் பெயர் ‘லஷோன் ஹரா’, அதாவது தீய நாக்கு. இதற்காகவே ரபி இஸ்ரேல் மெயிர் காகன் 1873-ல் தனி நூலே வெளியிட்டார். அதில் நம்மை இடிப்பது ஒரே விஷயம்தான்: சொல்வது உண்மையாக இருந்தாலும் அது தப்பு. ‘நடந்ததைத்தானே சொன்னேன்’ என்ற சமாதானம் செல்லாது. ஒருவருக்கு வரப்போகும் ஆபத்தைத் தடுக்கப் பேசுவது மட்டும், சில நிபந்தனைகளோடு, விதிவிலக்கு.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இந்த விதியை ஒரு மாதம் கடைப்பிடிக்க முடியுமா? பாலை விடுவது அதைவிட ரொம்ப சுலபம்.

மன்னிப்பு யாரிடம் கேட்பது?

யூத மரபின் கடுமையான பகுதி இங்கேதான் வருகிறது. கடவுளுக்கு எதிரான தவறுக்கு யோம் கிப்பூர் உபவாசம் உதவும். சக மனிதருக்குச் செய்த தவறுக்கு உதவாது. அண்ணனிடம் சொத்துத் தகராறில் பேசாத பேச்சு பேசிவிட்டு, கடவுளிடம் போய் மன்னிப்புக் கேட்டால் கணக்கு தீராது. அண்ணன் வீட்டு வாசலுக்குப் போகணும். அவர் மறுத்தால் மறுபடியும், மூன்று முறை வரை கேட்கணும். அதற்கும் இறங்கிவராவிட்டால் பழி மறுத்தவர் பக்கம் போகும். அந்த மனிதர் இறந்துவிட்டாலும் தப்பிக்க முடியாது. பத்து பேரை அழைத்துக்கொண்டு அவர் புதைக்கப்பட்ட இடத்துக்குப் போய், அவர்கள் முன்னால் தவறைச் சொல்லச் சொல்கிறது மரபு.

திருந்திவிட்டோம் என்று எப்படித் தெரியும்? அதே சூழல், அதே வாய்ப்பு மறுபடி வரும்போது அந்தத் தவறைச் செய்யாமல் இருந்தால்தான் முழு மனமாற்றம் என்கிறார் மைமோனிடிஸ்.

திருப்பாவையின் 15-வது பாசுரம் இங்கே ஞாபகத்துக்கு வரும். வெளியே நிற்கும் தோழிகளுக்கும் உள்ளே படுத்திருப்பவளுக்கும் வாக்குவாதம். கடைசியில் உள்ளே இருப்பவள், சரி, தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும் என்று ஒப்புக்கொள்கிறாள். தன் மேல் தவறில்லாவிட்டாலும் அடியார் சொல்லும் குற்றத்தை ஏற்பதுதான் திருப்பாவையின் சாரம் என்பது வைணவ உரை மரபு. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஆண்டாள் விதிகளை ‘நாம்’ என்ற பன்மையில் பாடுகிறார். யோம் கிப்பூர் பாவ அறிக்கையும் ‘நாங்கள்’ என்றுதான் சொல்லப்படுகிறது.

கொடுப்பதில் படிகள்

ஐயம், பிச்சை என இரண்டு வகைக் கொடையை ஆண்டாள் பிரித்துச் சொல்கிறார். தகுதியுள்ள பெரியவர்களுக்குத் தருவது முதலாவது, இல்லாதவர்களுக்குத் தருவது இரண்டாவது. மைமோனிடிஸ் எட்டுப் படிகள் வைத்தார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கடனோ வேலையோ கொடுத்து, இனி கை நீட்டவே தேவையில்லாமல் செய்வது முதல் படி. யூதர்கள் இதற்கு வைத்த பெயரான ‘செதாக்கா’, நீதி என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது. அதாவது இது கருணையோடு நிற்பதில்லை, கடமை.

இந்தப் பகுதியில் அதற்கு உதாரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை வகித்த பி.எஸ்.குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அப்படியென்றால் இரண்டும் ஒன்றா?

இல்லை. பாவை நோன்பு ஆயர்குலச் சிறுமிகளின் பாட்டாக, மழைக்கும் நல்வாழ்வுக்கும் வேண்டுவதாக அமைந்தது. முடிவில் கேட்பது கண்ணனுக்குத் தொண்டு செய்யும் உரிமை. உருவ வழிபாட்டை விலக்கும் யூத மரபில் ஆண்டாளின் கண்ணனுக்கு இடமே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கொச்சியில் 1568-ல் கட்டிய யூத ஆலயம் இன்றும் நிற்கிறது. ஆனால் ஒருவரிடமிருந்து மற்றவர் இதை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல ஆதாரம் எதுவும் கிடையாது. இரண்டையும் மோட்டிவேஷன் டிப்ஸாகச் சுருக்கினாலும் நஷ்டம் நமக்குத்தான்.

விட்ட பாலும் நெய்யும் 27-வது பாசுரத்தில் திரும்பி வருகின்றன, முழங்கை வரை நெய் வழியும் பால்சோறாக. மார்கழி 27-ம் நாள் கூடாரவல்லி அன்று பெருமாள் கோயில்களில் அக்காரவடிசல் தருவது அதனால்தான். அந்தப் பாசுரத்திலும் தனியாகச் சாப்பிடுகிற பேச்சு கிடையாது. எல்லாரும் சேர்ந்து உட்காருகிறார்கள்.