சொற்களின் அஞ்சறைப் பெட்டி

சிவகாசிப் பட்டாசுக் கடையில் சரக்கை 'அ', 'ஆ' என்றா அடுக்குகிறார்கள்? வெடிகள் ஒரு பக்கம். புஸ்வாணம், சங்கு சக்கரம், மத்தாப்பு ஒரு பக்கம். இனம் இனமாகப் பிரித்தால்தானே கை வைத்ததும் கிடைக்கும்!

சொற்களையும் இப்படியே பிரித்து வைத்தார்கள் நம் முன்னோர். அந்நூல்களுக்கு நிகண்டு என்று பெயர். அவற்றில் மிகப் பழையது, அம்பர் ஊர்ச் சேந்தன் ஆதரவில் திவாகரர் இயற்றிய திவாகரம். தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பன்னிரண்டு தொகுதிகள். ஒலிகளுக்கென்றே ஒரு தொகுதி உண்டு! லண்டனில் ரோஜெட் என்பவர் ஆங்கிலச் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து வெளியிட்டது 1852-ல்தான்.

நிகண்டு செய்யுளில் இருந்தது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மண்டல புருடரின் சூடாமணி நிகண்டை மனப்பாடமாக ஒப்பித்தார்கள்.

1594-ல் ரேவண சித்தரின் அகராதி நிகண்டும், 1732-ல் வீரமாமுனிவரின் சதுரகராதியும் வந்தன. அகர வரிசையில் தேடுவது சுலபமாயிற்று. ஆனால் ஒரு சங்கடம்: சொல் தெரிந்தால்தான் பொருள் கிடைக்கும். "யானை கத்துவதற்கு என்ன பெயர், அம்மா?" என்று குழந்தை கேட்கிறது. 'பிளிறல்' என்பது நினைவுக்கு வராவிட்டால் எந்த எழுத்தில் தேடுவீர்கள்?

சகோதரிகளே, ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். சமையல், பூ, நகை, புடவை என்று பக்கம் பிரியுங்கள். பாட்டியைக் கேட்டு ஒவ்வொரு சொல்லாக எழுதுங்கள். பாட்டியோடு போய்விட்டால், அச்சொற்களை எந்தக் கடையில் வாங்குவது?