நீரில் எஞ்சுவது எது? நீச்சல் குளங்களில் குளோரினுக்கு மாற்றுகள்

கோடை விடுமுறைக்கான நீச்சல் பயிற்சிச் சேர்க்கை முடியும் நாள் நெருங்கும்போதெல்லாம், 'குளோரின் அற்றது' என விளம்பரப்படுத்தப்படும் குளங்களைப் பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது: உப்புநீர், ஓசோன், புற ஊதாக் கதிர் ஆகியவற்றைப் பயன்படுத்தும் குளங்கள் யாவும் குளோரினைக் கைவிட்டவை என்றே பலரும் நம்புகின்றனர். உப்புநீரைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை. லிட்டருக்கு 3 அல்லது 4 கிராம் உப்பு கரைந்த நீர், மின்சாரம் பாயும் தகடுகளுக்கிடையே செல்லும்போது, உப்பிலுள்ள குளோரைடு அங்கேயே குளோரினாக மாறி நீரில் கலப்பதால், அது குளோரினை வாங்காமல் தானே தயாரித்துக்கொள்ளும் குளமே தவிர, குளோரின் அற்ற குளமன்று.

ஓசோனும் புற ஊதாக் கதிரும் உண்மையிலேயே திறமையானவை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள நீரில் பத்து நாட்களுக்கு மேல் உயிர்வாழக்கூடிய கிரிப்டோஸ்போரிடியம் என்னும் வயிற்றுப்போக்குக் கிருமியைப் புற ஊதாக் கதிர் நொடிகளில் செயலிழக்கச் செய்கிறது. ஆனால் இந்தத் திறமை முழுவதும் பம்ப் அறையில், குழாய்க்குள் மட்டுமே வெளிப்படுகிறது என்பதை விற்பனையாளர்கள் அழுத்திச் சொல்வதில்லை. விளக்கைக் கடந்த நீரில் கதிர் தங்குவதில்லை; ஓசோனோ, நீர்ப்பரப்பிலிருந்து வெளியேறி நுரையீரலைத் தாக்கும் வாயு என்பதால், நீர் குளத்துக்குத் திரும்பும் முன்பே நீக்கப்பட வேண்டியதாகிறது. குளத்தின் கொள்ளளவுக்குச் சமமான நீர் ஒரு முறை கருவி வழியே ஓடி முடிந்த பின்னரும், தூய்மையான நீரும் தூய்மையாகாத நீரும் இடைவிடாது கலந்துகொண்டிருப்பதால், ஏறத்தாழ 37 விழுக்காடு நீர் கருவியை எட்டியே இருக்காது. அதற்குள் ஒரு குழந்தையின் உடலிலிருந்து வெளியேறும் கிருமி, அருகில் நீந்தும் மற்றொரு குழந்தையின் வாய்க்குள் போய்விட முடியும். இந்த இடைவெளியைக் காப்பது, நீரிலேயே தங்கி வேலை செய்யும் 'எஞ்சு கிருமிநாசினி' மட்டுமே. ஓசோன் முறை நெடுங்காலமாக வழக்கிலுள்ள ஜெர்மனியில்கூட, பொதுக் குளங்களுக்கான தரநிலை குளோரின் அளவைக் குறைவாக வைக்கச் சொல்கிறதே தவிர, அதை விட்டுவிடச் சொல்வதில்லை.

எஞ்சுவது காணாமற்போனால் என்ன நேரும் என்பதை 2016 ரியோ ஒலிம்பிக்கின் டைவிங் குளம் உலகுக்கே காட்டியது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரே இரவில் அக்குளம் பச்சையானபோது, நீரின் காரத்தன்மை குறைந்தது முதலாகப் பல விளக்கங்கள் அடுத்தடுத்துத் தரப்பட்டன. போட்டியாளர்களுக்கு ஆபத்தில்லை என்ற உறுதிமொழியோ, காரணம் தெரிவதற்கு முன்பே வந்துவிட்டது. நாட்கள் கழித்தே, குளோரின் இருந்த நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றப்பட்டது தெரியவந்தது. பெராக்சைடு தனியாக ஒரு கிருமிநாசினிதான். ஆனால் குளோரினுடன் சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்து, உப்பும் ஆக்ஸிஜனும் நீருமாக முடிகின்றன. காவல் நீங்கிய நீரில் பாசி பெருகியது. கண்காணிப்புக் கருவிகள் அப்போதும் போதிய குளோரின் இருப்பதாகவே காட்டின என்று அமைப்பாளர்களே ஒப்புக்கொண்டது, 'கண்காணிப்பில் உள்ளது' என்னும் அறிவிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியையும் எழுப்புகிறது.

வாசகர்களின் மற்றக் கேள்விகளுக்கு விடை சுருக்கமானது. புரோமின் நீரில் தங்கும். ஆனால் வெயிலில் விரைவில் சிதைவதால் கூரையுள்ள வெந்நீர்த் தொட்டிகளுக்கே அது பொருந்தும். செம்பு, வெள்ளி அயனிகள் பாசியைத் தடுத்தாலும் கிருமிகளை மெதுவாகவே கொல்கின்றன. வெளிர்நிறத் தலைமுடி பச்சையாவதற்குக் காரணமும் செம்புதான், குளோரின் அன்று. வேதிப்பொருளே இல்லாத பொதுக் குளம் சாத்தியமா என்றால், சாத்தியமே: சுவிட்சர்லாந்தின் பாசல் நகரை அடுத்த ரீஹனில் 2014இல் திறக்கப்பட்ட குளத்தின் நீரைச் செடிகளும் சரளைப் படுகைகளும் தூய்மைப்படுத்துகின்றன, ஆனால் அத்தகைய குளங்களில் நீந்துவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தே ஆக வேண்டும். கண் எரிச்சலும் நெடியும் பெரும்பாலும் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாக்கும் குளோரமின்களால் வருபவை. இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளித்தால் அவை குறையும்.