வீட்டு நாயையும் பூனையையும் தெள்ளினின்று காத்தல்

கமக்காரரின் வீட்டில் நாயும் பூனையும் சும்மா இருந்து உண்பனவல்ல. இரவிலே தோட்டத்தினுள் நுழையும் பன்றியையும் முள்ளம்பன்றியையும் குரைத்து அறிவிப்பது நாய். விதைநெல் மூடைகளை எலியினின்று காப்பது பூனை. ஆயினும், மாட்டுக்கு வைக்கோலும் தவிடும் தேடி அலைபவர்களுட் பலர், இவ்விரண்டுக்கும் எஞ்சிய சோற்றை இடுவதோடு தம் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகின்றனர். நாய் ஓயாது சொறிவதைக் கண்டாலும், நாயென்றாற் சொறியத்தானே செய்யும் என்று கூறி அப்பாற் செல்வர். ஓயாது சொறிவது நாயின் இயல்பன்று. பெரும்பாலும் அஃது உரோமத்தினுள்ளே தெள்ளு வாழ்கின்றது என்பதற்கு அடையாளமாகும்.

தெள்ளு இறகற்றது; கபில நிறமானது; இரு பக்கமும் அழுத்தியது போன்ற தட்டையான உடலையுடையது. எள்ளிலும் சிறிதாகிய இப்பூச்சி உரோமங்களுக்கிடையே விரைந்து ஓடி மறைவதால் இலகுவிற் கண்ணுக்கு அகப்படாது. நாயின் வாலடி, அடிவயிறு, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களிலும், பூனையின் கழுத்திலும் உரோமத்தை விலக்கிப் பார்த்தல் வேண்டும். தெள்ளு அகப்படாவிடினும், ஆங்குக் காணப்படும் கரிய துகள்களை ஈரமான வெள்ளைத் துணியொன்றில் இட்டுப் பார்க்கலாம். துகளைச் சுற்றிச் செந்நிறம் பரவுமாயின் அது மண்ணன்று. தெள்ளு குடித்துக் கழித்த இரத்தமே.

தெள்ளை ஒழிக்க முயன்று தோற்றவர்கள் பெரும்பாலும் ஓர் உண்மையை அறியாமையாலேயே தோற்றனர். நாயின் உடலிற் காணப்படும் தெள்ளு, அவ்வளவிலுள்ள தெள்ளுக் கூட்டத்தின் மிகச் சிறிய பகுதியாகும். எஞ்சியவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் நிலத்திலே கிடக்கின்றன. பெண் தெள்ளு இரத்தங் குடித்த ஓரிரு நாட்களில் முட்டையிடத் தொடங்கும். நாளொன்றுக்கு 40 வரையில் இடவல்லது. முட்டைகள் உரோமத்தில் ஒட்டி நில்லாமல், நாய் படுக்கும் சாக்கிலும், திண்ணை வெடிப்பிலும், கொட்டிலின் தளர்ந்த மணலிலும் உதிர்கின்றன. அவற்றினின்று வெளிவரும் புழுக்கள் வெளிச்சத்தை வெறுத்து இருளிலும் ஈரத்திலும் ஒதுங்கி, வளர்ந்த தெள்ளுக்கள் கழித்துவிட்ட காய்ந்த இரத்தத்தைத் தின்று வளரும். பின்னர் பட்டுப்போன்ற கூடு கட்டி அதனுள் உறங்கும். எமது நாட்டு வெப்பத்தில் முட்டையினின்று முழுத் தெள்ளாவதற்கு ஏறக்குறைய 3 அல்லது 4 வாரங்கள் போதும். ஆனால், கூட்டினுள்ளிருக்கும் தெள்ளு இரை அண்மையில் இல்லாவிடின் மாதக்கணக்கிற் காத்திருக்கவும் வல்லது. காலடியின் அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் வெளிப்பட்டுப் பாயும். நெடுநாட் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உட்புகுவோரின் கணுக்காலில் ஒருங்கே பல தெள்ளுக்கள் ஏறுவது இதனாலேயே.

ஆகவே நாயைக் குளிப்பாட்டுவது வேலையின் ஒரு பாதியே. மறு பாதி நிலத்தைச் சுத்தஞ் செய்வதாகும். நாய் படுக்கும் சாக்கை வாரத்துக்கொரு முறை கொதிநீரில் அமிழ்த்தித் துவைத்துக் கடும் வெயிலில் உலர்த்தல் வேண்டும். பழுதடைந்த சாக்கை எரித்துவிடுவதே நன்று. திண்ணையிலும் மெழுகிய தரையிலும் உள்ள வெடிப்புக்களை அடைத்து, மூலைகளை நாடோறும் கூட்டி, கூட்டிய தூசியை முற்றத்திற் கொட்டாது எரித்தல் வேண்டும். நாய் மண்ணைத் தோண்டிப் படுக்கும் இடங்களில் மேல்மணலை வழித்தெடுத்து வெயிலிற் பரப்பினால், வறட்சியையும் சூட்டையும் தாங்காது புழுக்கள் இறக்கும். கோழிக்கூட்டையும் மறத்தலாகாது. கோழியின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும் ஒருவகைத் தெள்ளு நாயிலும் பூனையிலும் பற்றக்கூடியது.

நாயைக் குளிப்பாட்டும்போது முதலிற் கழுத்தைச் சுற்றிச் சவர்க்கார நுரையால் ஒரு வளையம் இடுதல் வேண்டும். இன்றேல் உடல் நனைந்ததும் தெள்ளுக்கள் தலைக்கு ஓடி, காதிலும் கண்ணோரத்திலும் புகுந்துவிடும். நெருங்கிய பற்களையுடைய சீப்பினால் வாரி, சீப்பிற் சிக்கியவற்றைச் சவர்க்கார நீரில் அமிழ்த்திக் கொல்லலாம். நகத்தால் நசுக்கும் பழக்கம் ஆகாது. பூனைக்கும் குளிப்புக்கும் பகையாதலால், அதற்குச் சீப்பே போதுமானது. வேப்பிலை அவித்த நீரால் மட்டும் தெள்ளு ஒழியுமென்று நம்பி இருப்பவர்கள் நாட்களையே வீணாக்குகின்றனர்.

மருந்து இடுவதாயின் வீட்டிலுள்ள நாய், பூனை அனைத்துக்கும் ஒரே நாளில் இடுதல் வேண்டும். இரண்டு மூன்று வாரங்களின் பின் மீண்டும் தெள்ளு தோன்றினால் மருந்து பொய்த்ததென்று எண்ணற்க. முன்னரே கூட்டினுள் இருந்தவை அப்போது வெளிப்படுகின்றன. மிருக வைத்தியர் கூறிய இடைவெளி தவறாது தொடர்ந்து இட்டால், சில மாதங்களில் வளவு தெள்ளற்றதாகும்.

இங்கு கமக்காரர் விசேடமாகக் கவனிக்க வேண்டியதொன்றுண்டு. மிளகாய்க்கோ கத்தரிக்கோ தெளித்து எஞ்சிய பூச்சிகொல்லியைச் சிறிது நீரிற் கலந்து நாயின் மேற் பூசுவோர் இன்றும் உளர். பயிரிலுள்ள பூச்சியைக் கொல்லும் மருந்து நாயிலுள்ள பூச்சியையும் கொல்லுமன்றோ என்பது அவர்கள் வாதம். கொல்லும், நாயையும் கொல்லும். இத்தகைய நஞ்சுகள் தோலினூடாக உட்செல்வன. நாயும் பூனையும் தம்முடலை நக்குவதால் வாய்வழியாகவும் சேர்வன. வாயினின்று நீர் ஒழுகுதல், தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு என்பன தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிது. பூசிய கையும், அந்நாயைக் கட்டியணைக்கும் குழந்தையும் அதே ஆபத்துக்கு உட்படும். தவறுதலாக நஞ்சு பட்டுவிட்டால், கையுறை அணிந்து சவர்க்காரமும் மிகுந்த நீரும் கொண்டு உடனே கழுவி, மருந்துப் போத்தலின் பெயர்ச்சீட்டுடன் மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும். மண்ணெண்ணெயும் கழிவெண்ணெயும் தோலை எரித்துப் புண்ணாக்குவன, அவையும் விலக்கற்பாலன. நாய்க்கென விற்கப்படும் மருந்தைப் பூனைக்கு இடுவதும் பெரும் பிழை. நாய்க்குத் தீங்கு செய்யாத பேர்மெத்திரின் என்னும் பொருளைப் பூனையின் உடல் சிதைத்து வெளியேற்ற மாட்டாது. சிறிதளவே பூனையைக் கொல்லப் போதும். எலிக்கு நஞ்சு வைத்தவர் இறந்த எலிகளைத் தேடி ஆழப் புதைத்தலும் அவசியம். அவற்றைத் தின்னும் பூனையை இழந்தபின், அடுத்த போகத்து விதைநெல்லை எலிக்கே கொடுக்க நேரும்.

தெள்ளினால் விளையும் தீங்கு அரிப்போடு முடிவதில்லை. இளங்குட்டியின் இரத்தத்தைப் பல தெள்ளுக்கள் கூடிக் குடித்தால், முரசு வெளிறி, குட்டி சோர்ந்து இறப்பதுமுண்டு. நாடாப்புழுவின் ஒருவகை தெள்ளின் உடலிலே வளர்வது. சொறியும்போது தெள்ளைக் கடித்து விழுங்கும் நாய்க்கு அப்புழு உண்டாகும். நாயோடு விளையாடும் சிறுபிள்ளையும் தற்செயலாகத் தெள்ளை விழுங்கினால் அதற்கும் உண்டாகலாம். எலித்தெள்ளின் கொடுமையையோ இந்நாடு கண்ணாரக் கண்டது. 1914 இற் கொழும்பில் கொள்ளைநோய் புகுந்தபோது, அதனை எலியினின்று மனிதருக்குக் கொண்டு வந்தது தெள்ளே. கொழும்பில் நுண்ணுயிரியலாளராகப் பணியாற்றிய பேபியன் ஹேர்ஸ்ற் என்பார், எலித்தெள்ளு அனைத்தும் ஓரினமல்ல என்பதையும், அவற்றுள் ஓரினம் ஏனையவற்றிலும் பன்மடங்கு திறம்பட அந்நோயைப் பரப்புவது என்பதையும் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். அக்கொள்ளைநோய் இன்று இந்நாட்டில் இல்லை. எனினும் நெற்களஞ்சியத்தில் எலி பெருகவிடாமைக்கு அவ்வரலாறும் ஒரு காரணமாதல் தகும்.

உண்ணியைப் பிடுங்கும்போது தோலை ஒட்டிச் சாமணத்தாற் பற்றி நேராக இழுத்தல் வேண்டும். நெருப்பால் சுடுதலும் எண்ணெய் பூசிக் காத்திருத்தலும் ஆகா. உண்ணி பற்றிய நாய் உணவை வெறுத்து, முரசு வெளிறி, கருஞ்சிவப்பு நிறமாகச் சிறுநீர் கழிக்குமாயின் அஃது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே வைத்தியரிடம் காட்டுக.

உணவில் வெங்காயம் கலத்தல் ஆகாது. வெங்காயம் செய்யும் ஊர்களில் இது சிறப்பாக நினைவிற் கொள்ளற்பாலது. சமைத்ததாயினும் பச்சையாயினும், வெங்காயம் நாய் பூனைகளின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பது. தெள்ளினால் இரத்தங் குறைந்த குட்டிக்கு அஃது இரட்டைத் தீங்காகும். குழம்பிட்ட சோற்றை விடுத்து, வெறுஞ் சோற்றுடன் அவித்த மீனையோ இறைச்சியையோ கலந்து கொடுத்து, சுத்தமான நீரை நிழலில் எப்போதும் வைத்தல் நன்று. பூச்சி மருந்தை வயதிற்கும் நிறைக்கும் ஏற்ப வைத்தியரிடம் கேட்டுக் கொடுத்தல் வேண்டும்.

விசர்நோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது போடுவித்தல் வேண்டும். இந்நாட்டில் அந்நோயைத் தடுப்பதற்கென 1893 இலேயே கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. ஆயினும் நோய் இன்னும் முற்றாக ஒழியவில்லை. நோயின் குறிகள் தோன்றியபின் மனிதரையாயினும் விலங்கையாயினும் காப்பாற்றும் மருந்து இல்லையெனலாம். ஊசி போட்ட நாளைக் குறித்த அட்டையை நிலவுறுதியோடு பெட்டியிற் பேணுக. நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும், காயம் சிறிதென்று எண்ணாது, ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவியபின், அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். கடித்த விலங்கை உடனே கொன்றுவிடாது, ஆபத்தின்றி இயலுமாயின், கட்டியோ அடைத்தோ வைத்து 14 நாட்கள் அவதானித்து, அஃது இறந்தாலும் காணாமற் போனாலும் வைத்தியசாலைக்கு அறிவித்தல் வேண்டும்.