செயலி போனாலும் குறிப்பு இருக்குமா?

இருபது வருடத்துக்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு ஏதாவது கைவசம் இருந்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இன்று திறந்து பாருங்கள். 'அம்மா' என்றிருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் பல்லிளிக்கும். கோப்பு பத்திரமாகத்தான் இருக்கிறது, படிக்கத்தான் முடியாது. எழுத்துருமாற்றிகள் இருப்பதால் தப்பித்தோம்.

குறிப்பு, கடிதம், ரசீது, படித்ததில் பிடித்தது எல்லாம் கேட்டவுடன் கைக்கு வர வேண்டும் என்ற ஆசை பழையது. 1945இல் அமெரிக்கப் பொறியாளர் வனீவர் புஷ் 'மெமெக்ஸ்' என்றொரு மேசையைக் கற்பனை செய்தார். நம் புத்தகங்களும் கடிதங்களும் மைக்ரோஃபிலிமில் அதற்குள் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு முடிச்சுப் போட்டு வைக்கலாம். மேசை வரவேயில்லை. ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சுமார் 90,000 காகிதச் சீட்டுகளுக்கு எண் போட்டு, மரப்பெட்டியிலேயே அதைச் சாதித்தார். அவர் இறந்தது 1998இல். சீட்டுகளை இன்றும் படிக்கலாம்.

செயலிகளுக்கு அந்த ஆயுள் இல்லை. பிறகு படிக்கலாம் என்று கட்டுரைகளைச் சேர்த்து வைக்க உதவிய 'பாக்கெட்', 2025 ஜூலையில் மூடப்பட்டது. சேர்த்ததை எடுத்துக்கொள்ளச் சில மாத அவகாசம் தந்தார்கள், அவ்வளவுதான்.

இனி வருவது தேடித்தரும் கருவி அல்ல, பார்த்துக்கொண்டே இருக்கும் கருவி. மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்த 'ரீகால்', சில விநாடிக்கொரு முறை திரையைப் படம்பிடித்து வைக்கும். போன வாரம் பார்த்த நீலப் புடவை எந்தக் கடையில் என்று கேட்டால் எடுத்துத் தரும். ஆனால் சோதனைப் பதிப்பில், திரையிலிருந்து எடுத்த எழுத்தெல்லாம் பூட்டில்லாமல் கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். வெளியீடு தள்ளிப்போய், 2025 ஏப்ரலில், நாமாக இயக்கினால் மட்டுமே வேலை செய்யும்படி வந்தது. திரையில் வங்கிக் கணக்கும் மருத்துவ அறிக்கையும்தானே ஓடுகின்றன!

எனக்கென்னவோ எதிர்ப்பக்கம் நடப்பதில்தான் நம்பிக்கை. 'அப்சிடியன்' போன்ற செயலிகள் குறிப்புகளை நம் கணினியிலேயே வெறும் உரைக் கோப்புகளாக வைக்கின்றன. நாளை செயலி போனாலும் நோட்பேடு போதும். செயற்கை நுண்ணறிவு வேண்டுமென்றால், நம் கணினியிலேயே ஓடும் சிறிய மாதிரியிடம் அதே கோப்புறையைக் காட்டலாம்.

புதுச் செயலியில் நூறு குறிப்பு எழுதும் முன், ஒன்றே ஒன்றை எழுதி ஏற்றுமதி செய்து நோட்பேடில் திறந்து பாருங்கள். எழுதிய 'கொக்கு' கொக்காகவே இருந்தால் மேலே எழுதலாம்.