ஆணை மறுப்பும் மனச்சான்று உரிமையும்: குவேக்கர் வாதங்களும் அவற்றின் இந்தியத் தடங்களும்

முன்னுரை

குவேக்கர் எனப்படும் நண்பர் கழகத்தாருடன் கோத்தகிரிக்குள்ள தொடர்பு பெரிதும் மார்ஜரி சைக்ஸ் (1905–1995) வழியாக அமைந்தது. 1928இல் சென்னை வேப்பேரியிலுள்ள பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியராக வந்த இவர், பின்னர்ச் சாந்திநிகேதனிலும் சேவாகிராமத்திலும் பணியாற்றினார். 1959க்குப் பின் கோத்தகிரியில் தங்கி, அமைதித் தொண்டர்களுக்குப் பயிற்சியளித்தார். இந்தியக் குவேக்கர் வரலாற்றை ஒரு நூலாக எழுதி 1980இல் வெளியிட்டவரும் இவரே. மனச்சான்று உரிமைக்காக இம்மரபினர் முன்வைத்த வாதங்கள் தமிழில் போதிய அளவு ஆராயப்படவில்லை. ‘சகிப்புத்தன்மை’ என்னும் பொதுச்சொல்லுள் அவற்றை அடக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வாதங்களின் தனித்தன்மை, நீதிமன்றத்தில் ஆணையிட மறுத்த அவர்களது செயலில்தான் தெளிவாகப் புலப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஒடுக்குமுறையும் எதிர்வாதமும்

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கரைக் குறிவைத்தே 1662இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆணையிட மறுப்பதும், பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வழிபாட்டுக்கெனக் கூடுவதும் அதன்படிக் குற்றமாயின. முதல் இரு முறை தண்டம். மூன்றாம் முறை நாடு கடத்தல். அட்லாண்டிக்கின் மறுகரையில் நிலைமை இன்னும் கொடியது. சமய உரிமை நாடிக் குடியேறியவர்களே ஆண்ட மாசசூசெட்ஸில், 1659 முதல் 1661 வரை மேரி டையர் உட்பட நான்கு குவேக்கர்கள் தூக்கிலிடப்பட்டனர். தன் சமயத்துக்கு உரிமை கேட்பது வேறு, உரிமை என்பதையே ஏற்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1670இல் நியூகேட் சிறையிலிருந்து வில்லியம் பென் எழுதிய நூல் மனச்சான்று உரிமை பற்றியது. நம்பிக்கை அறிவின் செயல். அறிவைச் சான்றுகளால் இணங்கவைக்கலாம், சவுக்கால் இயலாது. வற்புறுத்துவதால் விளைவது நம்பிக்கையன்று, நடிப்பு. இறைவனுக்கு மட்டுமே உரிய ஓர் எல்லைக்குள் அரசு நுழைகிறது. பென்னின் வாதங்களுள் முதன்மையானவை இவை. இவற்றினும் கூர்மையானது உரிமைக்கு அவர் தரும் வரையறை. உள்ளத்தில் நம்பிக்கொள்ளும் விடுதலை மட்டும் உரிமையாகாது. வெளிப்படையாகக் கூடி வழிபடுவதும் அதில் அடங்கும் என்கிறார். உள்ளத்தினுள் நம்புவதை எந்தக் கொடுங்கோலனாலும் தடுக்க இயலாதாகையால், அதனை மட்டும் ‘வழங்கும்’ சட்டம் உண்மையில் எதனையும் வழங்கவில்லை. இராபர்ட் பார்க்ளே 1676இல் இலத்தீனில் வெளியிட்ட விளக்கநூல் இவ்வுரிமைக்கு ஓர் எல்லை வகுத்தது. மனச்சான்றைக் காரணங்காட்டிப் பிறர் உயிருக்கோ உடைமைக்கோ தீங்கிழைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டு உரிமையளிக்கும் நம் அரசமைப்பின் 25ஆம் உறுப்பை அறிந்தோர்க்கு இக்கட்டமைப்பு புதிதாகத் தோன்றாது.

ஆணையும் உறுதிமொழியும்

ஆணையிட்டால்தான் உண்மை பேசுவேன் என்றால், ஆணையிடாத வேளைகளில் பேசுவது என்ன? குவேக்கர் எழுப்பிய இவ்வினா எளியது, விளைவு எளியதன்று. ஆணையிட மறுத்தவர் சாட்சியளிக்க இயலாது, வழக்குகளில் உடைமையை இழப்பார், சிறையும் புகுவார். இருந்தும் அவர்கள் இணங்கவில்லை. 1696இல் ஆணைக்கு மாற்றாக உறுதிமொழி கூற அவர்களுக்குச் சட்டம் இடமளித்தது. எனினும் குற்றவியல் வழக்குகளுக்கும் அரசுப் பதவிகளுக்கும் அது பொருந்தவில்லை. ஜோசப் பீஸ் என்னும் குவேக்கர் உறுதிமொழி கூறி நாடாளுமன்றத்தில் அமர 1833 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதனை ஜான் லாக்கின் சமயப் பொறை பற்றிய மடலோடு (1689) ஒப்பிடுதல் பயன்தரும். இறைமறுப்பாளர்க்குப் பொறையில் இடமில்லை என்பது லாக்கின் முடிவு. வாக்குறுதியும் ஆணையும் அவர்களைக் கட்டுப்படுத்தா என்பது அதற்கு அவர் கூறும் காரணம். உண்மைக்கு ஆணையே பிணை என்னும் கருத்தைக் குவேக்கர் தகர்த்தபோது, லாக்கின் விலக்கு நின்ற தூணும் உடன் சரிந்தது. அவர்கள் இதை நோக்கமாகக் கொண்டவரல்லர், ஆழ்ந்த இறைப்பற்றாளர்கள். ஆயினும் 1888இல் இங்கிலாந்தின் ஆணைச் சட்டம் இறைமறுப்பாளருக்கும் உறுதிமொழி உரிமையை அளித்தபோது, இரு நூற்றாண்டுகளுக்கு முன் குவேக்கர் திறந்த வழியிலேயே அது சென்றது.

இந்தியாவில் 1840ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் கங்கைநீர் மீதும் குர்ஆன் மீதும் ஆணையிடுமாறு கட்டாயப்படுத்துவதை நீக்கி, உறுதிமொழியைப் புகுத்தியது. அவ்வாணைகள் மக்களின் மனச்சான்றுக்கு ஒவ்வாதிருந்தன என்பதை அச்சட்டமே ஒப்புக்கொண்டது. இதனை நேரடியாகக் குவேக்கரின் கொடை எனல் மிகை. ஆயினும் ஆணைக்கு மாற்றாக உறுதிமொழி என்னும் சட்டவடிவத்தின் மூலம் அவர்கள் போராட்டமே. இன்று அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை இரு வடிவங்களையும் ஒருங்கே வைக்கிறது. 2021 மே 7 அன்று மு. க. ஸ்டாலின் முதலமைச்சராக ‘உளமார’ என உறுதி கூறியபோது, பகுத்தறிவு இயக்க மரபின் சொல்லாகவே தமிழர் அதனைக் கேட்டனர். அதன் சட்ட முன்வரலாற்றில் இறைப்பற்றால் ஆணை மறுத்தவர்களும் உள்ளனர். நெஞ்சையே சாட்சியாக நிறுத்தும் திருக்குறளின் வாய்மை அதிகாரத்தைப் பயின்றவர்க்கு இவ்விணைவு வியப்பளிக்காது.

வரம்புகளும் இந்தியச் சிக்கலும்

குவேக்கரைக் குறையற்றவராகக் காட்டுவது வரலாறாகாது. பென் நிறுவிய பென்சில்வேனியாவில் இறைநம்பிக்கையுடைய அனைவர்க்கும் வழிபாட்டுரிமை இருந்தது. பதவிகளோ கிறித்தவர்க்கு மட்டும். பென் அடிமைகளையும் வைத்திருந்தார். 1688இல் ஜெர்மன்டவுன் குடியேறிகள் நால்வர் அடிமைமுறைக்கு எதிராக எழுதிய விண்ணப்பம் இம்முரணைச் சரியாகவே தொட்டது: மனச்சான்றுக்கு விடுதலை அளித்த மண்ணில் உடலுக்கும் விடுதலை வேண்டும் என்றது.

இந்தியாவில் சிக்கல் வேறு வடிவெடுத்தது. 25ஆம் உறுப்பிலுள்ள சமயம் பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாறுபவரின் மனச்சான்றைக் காட்டிலும் மாற்றுபவரின் செயலையே இத்தீர்ப்பு மையப்படுத்துகிறது. பென்னின் வாதமோ மாறுபவரிடமிருந்து தொடங்குவது. இந்தியக் குவேக்கருள் ஹொரேஸ் அலெக்சாண்டர் போன்றோர் பல சமயத்தாரும் அவரவர் சமயத்தில் இருந்தபடியே இணையும் ‘உண்மையின் நண்பர்கள்’ என்னும் கூட்டுறவை உருவாக்கினர். காந்தியக் களத்தில் பல சமயத்தாரோடு இணைந்து உழைத்த சைக்ஸின் கோத்தகிரிப் பணியும் இம்மனப்போக்கை ஒட்டியதே.

1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கு ஆணை மறுப்போடு நெருங்கிய உறவுடையது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், நாட்டுப்பண் ஒலிக்கையில் எழுந்து நின்றனர், பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். மரியாதையாக எழுந்து நிற்பதே போதும், பாடுமாறு வற்புறுத்துவது மனச்சான்று உரிமையை மீறும் எனக் கூறி, அவர்களை மீண்டும் சேர்க்குமாறு நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு ஆணையிட்டது.